அழித்து எழுதும் நாடா: கேசட்டின் வரலாறும் மறுவருகையும்

1963 ஆகஸ்டு இறுதியில் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் பிலிப்ஸ் நிறுவனம் அறிமுகப்படுத்திய கேசட், முதன்மையாகப் பேச்சைப் பதிவு செய்வதற்கென்றே கருதப்பட்டது. பெல்ஜியத்தின் ஹாசெல்ட் ஆலையில் லூ ஒட்டன்ஸ் தலைமையிலான குழு அதை உருவாக்கியது. கோட்டுப் பைக்குள் அடங்கும் மரக்கட்டை ஒன்றை அறுத்து வைத்துக்கொண்டு, அதையே கருவிக்கு அளவாக ஒட்டன்ஸ் கொண்டார். நாடாவின் அகலம் 3.81 மில்லிமீட்டர், ஓடும் வேகம் நொடிக்கு 4.76 சென்டிமீட்டர். ஒலிப்பதிவுக் கூடங்களின் பெரிய சுருள் நாடாக்கள் நொடிக்கு 38 சென்டிமீட்டர் வேகத்தில் ஓடிய காலம் அது. ஆகவே தொடக்ககாலக் கேசட்டில் இரைச்சல் மிகுதி.

கேசட்டின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் இந்த இரைச்சல் குறைந்த கதையையே சொல்கிறார்கள்: டால்பி நுட்பம், குரோமியம் டை ஆக்ஸைடு நாடா, 1979இல் சோனி வாக்மேன். இவை முக்கியமானவைதாம். ஆனால் கேசட்டை இசைத்தட்டிலிருந்து பிரித்துக் காட்டியது ஒலித்தரமன்று, பதிவுப் பொத்தான். கேட்பவரே பதியலாம், அழிக்கலாம், மீண்டும் பதியலாம். காப்புரிமைக் கட்டணம் இல்லாமல் பிற நிறுவனங்களும் கேசட் தயாரிக்க பிலிப்ஸ் இசைந்ததால் இந்த வசதி உலகெங்கும் ஒரே வடிவில் பரவியது.

விளைவுகளை அரசியலிலும் வணிகத்திலும் காணலாம். 1978இல் பாரிசுக்கு அருகே தங்கியிருந்த ஈரானிய மதத் தலைவர் கொமேனியின் உரைகள் தொலைபேசி வழியே ஈரானுக்குச் சென்று, கேசட்டுகளாகப் படியெடுக்கப்பட்டுப் பள்ளிவாசல்கள் வழியே பரவின. 1981இல் பிரிட்டிஷ் இசை நிறுவனங்கள் வீட்டுப் பதிவு இசையைக் கொல்கிறது என்று பிரசாரமே நடத்தின.

இந்தியாவில் நெடுங்காலம் எச்.எம்.வி. வைத்திருந்த ஏகபோகத்தை மலிவுக் கேசட்டுகள் உடைத்தன. குல்ஷன் குமாரின் டி-சீரிஸ் அதில் முன்னின்றது. இம்மாற்றத்தை இசை ஆய்வாளர் பீட்டர் மானுவல் 1993இல் வெளியான தம் நூலில் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். அவருடைய களம் வட இந்தியா. தமிழகத்துக்கு அந்த நூலை அப்படியே பொருத்திவிட முடியாது. இங்கே மாரியம்மன் பாடல்களும் ஐயப்பன் பாடல்களும் நாட்டுப்புறப் பாடல்களும் கேசட்டால் செழித்தன என்றாலும், திரைப்பாடலின் பிடி தளரவில்லை. மாறியது திரைப்பாடலைக் கேட்ட விதம்.

எண்பதுகளில் கடைவீதி தோறும் இருந்த ரெக்கார்டிங் சென்டர்களை இந்த ஆய்வில் விட்டுவிடக் கூடாது. கம்பெனி கேசட்டில் பெரும்பாலும் பக்கத்துக்கு ஒரு படம். பிடித்த பாட்டு இரண்டே இருந்தாலும் முழுப் படத்தையும் வாங்கியாக வேண்டும். ரெக்கார்டிங் சென்டரிலோ, நோட்டுத் தாளில் பாடல் பட்டியல் எழுதி, வெற்றுக் கேசட்டோடு கொடுத்தால் போதும். 60 நிமிடக் கேசட்டின் ஒரு பக்கம் 30 நிமிடம். நாலரை நிமிடப் பாடல்கள் ஆறு போக மூன்று நிமிடம் எஞ்சும். அந்த மிச்ச நாடாவில் எதை நிரப்புவது என்பது கடைக்காரரின் ரசனையைப் பொறுத்தது. படம் என்ற அலகு கலைந்து, பாடகர், இசையமைப்பாளர், சோகம், காதல் என்று கேட்பவர் வகுத்த அலகுகள் வந்தன. பதிப்புரிமைச் சட்டப்படி இது திருட்டு. 1984 திருத்தம் தண்டனையைக் கூட்டவும் செய்தது. ஆனாலும் தமிழ்த் திரையிசை ரசனையை வளர்த்ததில் அந்தக் கடைகளுக்குரிய பங்கை மறுப்பதற்கில்லை.

கேசட்டின் முதுகில் இரு ஓரத்திலும் சிறு பிளாஸ்டிக் தகடு இருக்கும். அதை உடைத்துவிட்டால் பதிவுப் பொத்தான் அமுங்காது. கம்பெனி கேசட்டுகள் தகடு இல்லாமலே வரும். அந்தப் பள்ளத்தில் காகிதத்தைத் திணித்தோ, செல்லோ டேப் ஒட்டியோ நம்மவர்கள் அதையும் வெற்றுக் கேசட்டாக்கினார்கள். கவசப் பாடல் பாதியில் நின்று குழந்தையின் மழலை தொடங்கும் கேசட்டுகள் அப்படிப் பிறந்தவையே.

யாழ்ப்பாணத்தில் கேசட்டை விடாத இந்தப் பிடிவாதம் இன்னும் கடுமையானது. தொண்ணூறுகளின் போர்க்காலப் பொருளாதாரத் தடையில் மின்சாரமும் இல்லை, பேட்டரியும் தடைப்பட்ட பொருள். மக்கள் மிதிவண்டியைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் பாட்டுக் கேட்டார்கள்.

இனி மறுவருகைக்கு வருவோம். பிரிட்டனில் 1989இல் 8 கோடிக்கு மேல் விற்ற கேசட், 2012இல் 4,000க்கும் கீழே போய், 2022இல் 1,95,000 ஆனது. இடையே 2014இல் வந்த ‘கார்டியன்ஸ் ஆஃப் தி கேலக்ஸி’ படத்தின் பாடல் தொகுப்பு கேசட்டாகவும் வெளியாகிக் கவனத்தைத் திருப்பியது. சதவீதத்தில் பார்த்தால் பிரமிப்பு. பழைய உச்சத்தோடு வைத்துப் பார்த்தால் சொற்பம். புதிய கருவிகளில் டால்பி இல்லை, ஓட்டும் பொறியமைப்பும் பெரும்பாலும் மலிவானது. வாங்குபவர்களில் பலர் பாட்டைக் கைபேசியில் கேட்டுவிட்டுக் கேசட்டை அலமாரியில் வைக்கிறார்கள். சிறு இசைக்குழுக்களுக்குக் குறைந்த செலவில் கொஞ்சம் பிரதிகள் போட முடிவது மட்டுமே இதில் உண்மையான பயன் என்பது என் கணிப்பு. திரும்பி வந்திருப்பது விற்பனைப் பொருளான கேசட். பதிவுப் பொத்தான் திரும்பவில்லை.

பழைய பதிவுகளோ இன்னும் பரணில் கிடக்கின்றன: ஒப்பாரி, கல்யாணப் பேச்சு, தெருக்கூத்து, வெளிநாட்டிலிருந்து குரலாகவே வந்த கடிதங்கள். இவற்றுக்கு வேறு பிரதி கிடையாது. ஈரமும் பூஞ்சையும் நாடாவைத் தின்றுகொண்டிருக்கின்றன. உங்கள் வீட்டில் அப்படிப்பட்ட கேசட் இருந்தால், முதலில் அதன் தகட்டை உடைத்துவிடுங்கள்; பிறகு நல்ல கருவியில் ஒருமுறை ஓடவிட்டு, கணினியில் படியெடுத்து வையுங்கள்.