தொலைக்கல்வி பொருள் தேடிய வரலாறு

பள்ளிக்கூடம் எழுப்ப முனைவோர் முதலில் நிலத்தைத் தேடுவர். தொலைக்கல்வித் திட்டம் தொடங்க முனைவோர் முதலில் பொருளைத் தேடுவர். வகுப்பறைக் கல்வியில் மாணவர் தொகை பெருகப் பெருகச் செலவும் படிப்படியாக வளரும். தொலைக்கல்வியிலோ பாடங்களை எழுதுதல், அச்சிடுதல், ஒலி ஒளிப் பதிவு செய்தல், கணினியில் ஏற்றுதல் ஆகியவற்றுக்கான பெருஞ்செலவு, முதல் மாணவர் பெயரைப் பதிவு செய்து கொள்ளும் முன்னரே நேர்ந்துவிடும். ஆகவே பயனைக் காட்டிப் பொருள் கேட்க வழியில்லை. பொருளைப் பெற்ற பின்னரே பயனைக் காட்ட இயலும். இந்த இக்கட்டிலிருந்து அறிஞர்கள் எவ்வாறு மீண்டனர் என்பதே தொலைக்கல்வி வரலாற்றின் உயிர்நாடியாகும்.

வேறு பணிக்கென வந்த பொருள்

கணினிவழிக் கல்வி ஆய்வின் தொட்டில் அமெரிக்காவின் இலினாய்ப் பல்கலைக்கழகமாகும். அங்கிருந்த ஆய்வுக்கூடம் ஒன்று இராணுவத் துறைகளின் நிதியால் நடந்து வந்தது. கணினியைக் கற்பித்தலுக்குப் பயன்படுத்தலாமா என்பதை ஆராய, அதன் இயக்குநர் டேனியல் ஆல்பர்ட் பொறியியலார், கல்வியாளர், கணிதவியலார், உளவியலார் அடங்கிய குழுவொன்றை அமைத்தார். குழு பலமுறை கூடியும் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. பின்னர் டொனால்டு பிட்சர் என்னும் இளம் பொறியாளர், கையிருந்த கருவிகளையே கொண்டு சில நாள்களில் ஒரு திட்டத்தை வகுத்து முன்வைத்தார். 1960ஆம் ஆண்டில் 'பிளேட்டோ' என்னும் கற்பித்தல் அமைப்பு இவ்வாறு பிறந்தது. புதிய மானியம் வரும்வரை காத்திராமல், வேறு பணிக்கென வந்த பொருளின் நிழலில் அது முளைத்தது என்பது கருதத்தக்கது.

முளைத்த செடி மரமாவதற்குத் தனி மானியம் வேண்டியிருந்தது. அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளை 1970களில் பிளேட்டோவுக்கும், அதற்குப் போட்டியாக எழுந்த 'டிக்கிட்' என்னும் அமைப்புக்கும் பெருந்தொகை வழங்கியது. வழங்கியதோடு நில்லாமல், இரண்டையும் மதிப்பிடும் பொறுப்பை நடுநிலையான தேர்வு நிறுவனம் ஒன்றிடம் ஒப்படைத்தது. மதிப்பீட்டின் முடிவுகள் 1978இல் வெளிவந்தன. சமூகக் கல்லூரிகளில் பிளேட்டோவின் வழிப் பயின்றோருக்கும் மற்றையோருக்கும் தேர்ச்சியில் சீரான வேறுபாடு காணப்படவில்லை. ஆயினும் மாணவர்கள் அதனை விரும்பி வரவேற்றனர். டிக்கிட்டின் வழிப் பாடத்தை முடித்தோர் நன்கு தேறினர். ஆனால் முடிக்காமல் இடையில் நின்றோர் மிகப் பலர்.

கற்பிக்கும் பொறி எத்துணைச் சிறந்ததாயினும், மாணவரை இறுதிவரை அழைத்துச் செல்லும் கடமை எஞ்சியே நிற்கிறது என்பதை அம்முடிவுகள் உணர்த்தின. அன்று முதல் இன்றுவரை மின்வழிக் கல்வித் திட்டங்களை எதிர்கொள்ளும் முதன்மையான வினா, எத்தனை பேர் சேர்ந்தனர் என்பதன்று. எத்தனை பேர் முடித்தனர் என்பதேயாகும்.

அரசின் கருவூலத்தை நாடியோர்

அமெரிக்கர் ஆய்வு மானியத்தை நாடிய காலத்தில் பிரிட்டானியர் அரசின் கருவூலத்தை நாடினர். வானொலி, தொலைக்காட்சி ஆகியவற்றின் வழியாகக் கற்பிக்கும் பல்கலைக்கழகம் ஒன்றைப் பற்றி ஹரால்டு வில்சன் 1963இல் கிளாஸ்கோ நகரில் பேசினார். அவர் பிரதமரான பின்னர், 1965இல் அப்பொறுப்பு ஜென்னி லீ அம்மையாரிடம் வந்து சேர்ந்தது. சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மகளான அவர், இரண்டு கோட்பாடுகளில் சிறிதும் விட்டுக்கொடுக்கவில்லை. சேர்வதற்கு முன்தகுதி கேட்கலாகாது என்பது ஒன்று. வழங்கும் பட்டம் ஏனைய பல்கலைக்கழகப் பட்டங்களுக்கு எள்ளளவும் தாழ்ந்ததாக இருத்தலாகாது என்பது மற்றொன்று. மலிவான மாற்று என்று சொல்லிக் கேட்டிருந்தால் பொருள் எளிதிற் கிடைத்திருக்கலாம். ஆனால் கிடைப்பது பல்கலைக்கழகமாக இருந்திராது.

1969இல் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் அரச சாசனம் பெற்றது. மறு ஆண்டிலேயே ஆட்சி மாறியது. புதிய நிதியமைச்சர் இயன் மக்லியோட், எதிர்க்கட்சியில் இருந்தபோதே இத்திட்டத்தைப் பிதற்றல் என்று இகழ்ந்தவர். பதவியேற்ற ஒரு திங்களுக்குள் அவர் மறைந்தார். கல்வியமைச்சராக வந்த மார்கரெட் தாட்சர், குறைந்த செலவில் பலருக்கு உயர்கல்வி வழங்கத்தக்க வழி இதுவெனக் கருதி, அதனை நிலைபெறச் செய்தார். 1971 சனவரியில் ஏறத்தாழ 24,000 மாணவர்களுடன் கற்பித்தல் தொடங்கிற்று. கொள்கையால் பிறந்த நிறுவனத்தைக் கணக்கு காத்தது எனலாம். மேலும், ஏனைய பல்கலைக்கழகங்களோடு நிதிக்குப் போட்டியிடாமல், கல்வித்துறையிடமிருந்து நேராகவே மானியம் பெறும் ஏற்பாடு 1990களின் தொடக்கம் வரை நீடித்தமை, அந்த இளம் நிறுவனம் வேரூன்றப் பெருந்துணையாயிற்று.

அதே 1971ஆம் ஆண்டில் மலேசியாவிலும் ஒரு தொடக்கம் நிகழ்ந்தது. பினாங்கில் 1969இல் நிறுவப்பட்டிருந்த அறிவியல் பல்கலைக்கழகம், வளாகத்திற்கு வெளியே இருந்து பயில்வோருக்கான பட்டப்படிப்பை ஏற்படுத்தியது. பணியை விட இயலாத ஆசிரியர் பலர் அதனால் பயன்பெற்றனர். தனி நிறுவனமாக அன்றி, நடந்து கொண்டிருந்த பல்கலைக்கழகத்தின் ஓர் உறுப்பாகவே அது அமைந்தது. விரிவுரையாளர், நூலகம், தேர்வு முறை ஆகிய அனைத்தும் முன்னரே இருந்தமையால், புதிய பொருட்சுமை ஓரளவே ஏற்பட்டது.

விற்பதா, வழங்குவதா?

இணையம் பரவிய பின்னர் வினா வேறு உருவம் கொண்டது. தொலைக்கல்வியால் வருவாய் ஈட்டலாம் என்னும் ஆசை பல பல்கலைக்கழகங்களைப் பற்றிக்கொண்ட காலத்தில், மாசசூசெட்சுத் தொழில்நுட்பக் கழகமும் அதற்கென ஓர் ஆய்வுக் குழுவை அமைத்தது. குழுவோ, பாடப் பொருள்களை விற்பதைவிட உலகிற்கு இலவசமாக வழங்குவதே தக்கது என்று பரிந்துரைத்தது. 2001 ஏப்ரலில் அம்முடிவு அறிவிக்கப்பட்டது. ஹியூலட், மெலன் ஆகிய இரு அறக்கட்டளைகள் தொடக்கத்திற்கென 11 மில்லியன் அமெரிக்க வெள்ளியை நல்கின. 2007ஆம் ஆண்டிற்குள் ஏறத்தாழ 1,800 பாடங்கள் இணையத்தில் ஏறின. தொடக்க மானியம் தீர்ந்த பின்னர் அப்பணியைக் கழகத்தின் சொந்த நிதியும் ஆதரவாளர் நன்கொடையும் தாங்கின.

தமிழ் கண்ட வழி

தமிழ்க் கல்வி இணையத்தில் கால்வைத்த கதையும் இவ்வரலாற்றின் ஒரு கிளையே. சிங்கப்பூர் எழுத்தாளரும் விரிவுரையாளருமான நா. கோவிந்தசாமி முன்னின்று உழைக்க, 1997 மே திங்களில் சிங்கப்பூரில் தமிழ் இணைய மாநாடு கூடிற்று. அதன் தொடர்ச்சியாக 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய மாநாடு, விசைப்பலகை, எழுத்துருக் குறியீடு ஆகியவற்றில் ஒழுங்கு காண வழிவகுத்தது. உலகத் தமிழர்க்கென இணையப் பல்கலைக்கழகம் அமைக்கப்படும் என்னும் தமிழ்நாட்டு அரசின் அறிவிப்பும் அம்மாநாட்டை ஒட்டியே எழுந்தது. 2001 பிப்ரவரியில் அது தொடங்கப்பெற்றது. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக விளங்கிய வா. செ. குழந்தைசாமி அதனை வழிநடத்தினார். மழலைக் கல்வி முதல் பட்டப்படிப்பு வரை பாடங்கள் உருவாயின. தமிழ் இணையக் கல்விக்கழகம் என்பது அதன் பிற்காலப் பெயராகும். அரசின் நிதி பின்னணியில் நின்றமையே அதற்குத் தொடர்ச்சியைத் தந்தது.

மற்றொரு வழியும் தமிழில் உண்டு. 1998ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம் மானியம் எதனையும் நாடவில்லை. பல நாடுகளில் வாழும் ஆர்வலர் ஊதியமின்றித் தட்டச்சு செய்தும் பிழை திருத்தியும் தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றினர். நூல்களைத் தொகுக்கத் தன்னார்வம் போதுமானதாயிற்று. ஆனால் மாணவரைச் சேர்த்தல், ஐயந் தீர்த்தல், தேர்வு நடத்துதல், சான்றளித்தல் ஆகியவை நாள்தோறும் நடைபெற வேண்டிய பணிகளாதலின், அவற்றுக்குத் தன்னார்வம் மட்டும் போதாது.

முடிவுரை

மேற்கூறிய வரலாறுகள் பொருள் கேட்டு விண்ணப்பம் எழுதுவோருக்கு மூன்று வினாக்களை விட்டுச் செல்கின்றன. பயில்வோர் யார் என்பது முதலாவது. ஜென்னி லீ அம்மையாருக்கு அதற்கு விடை தெரிந்திருந்தது. இடையில் சோர்பவரைத் தாங்கும் ஆசிரியர் எங்கே என்பது இரண்டாவது. டிக்கிட் அதற்கு விடையின்றித் தடுமாறியது. மானியம் தீர்ந்த மறுநாள் பணியைத் தாங்குவோர் யார் என்பது மூன்றாவது. நிலைத்து நின்ற நிறுவனங்கள் அனைத்தும் இதற்கு விடை கண்டவையே.

தமிழாசிரியர்கள் இன்று மின்வழிப் பாடங்களை ஆக்க முனையும்போது கருவியைப் பற்றிய பேச்சே மிகுதியாக எழுகின்றது. கருவி மாறிக்கொண்டே இருக்கும். பிளேட்டோவின் பொறிகள் இன்று காட்சிப் பொருள்களாகிவிட்டன. அன்று எழுந்த வினாக்கள் மட்டும் மாறவில்லை. அவற்றுக்கு முதலில் விடை எழுதி, அதன் பின்னரே தொகையை எழுதுவோரின் விண்ணப்பமே மதிப்புப் பெறும். அவர்தம் பணியே மானியத்தைக் கடந்தும் வாழும்.