எழுபத்திரண்டு கொத்தளங்களும் ஒரே ஒரு ஃபைலும்

மதுரை விளக்குத்தூண் பக்கம் ஜவுளி எடுக்கப் போகிறீர்கள். அந்தத் தூணை ஒரு தடவையாவது நின்று பார்த்ததுண்டா? பிளாக்பர்ன் என்ற வெள்ளைக்காரக் கலெக்டரின் நினைவாக வைத்தது அது. 1840-களில் மதுரைக் கோட்டையை இடித்து, அகழியைத் தூர்த்து, ஊரை அகலப்படுத்தியவர் அவர். வெளிவீதிகளில் நடக்கும்போது நீங்கள் நடப்பது பழைய அகழியின் மேல்தான்!

அவர் இடித்தது நாயக்கர் காலத்துக் கோட்டை. விஸ்வநாத நாயக்கர் அதில் 72 கொத்தளங்கள் வைத்து, ஒவ்வொன்றையும் ஒரு பாளையக்காரர் பொறுப்பில் விட்டார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கணக்கு. ஒரு பாளையக்காரர் தூங்கிப்போனாலும் மிச்சம் 71 பேர் விழித்திருப்பார்கள். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

2024, ஜூலை 19. வெள்ளிக்கிழமை. நம்ம ஊரில் காலை மணி 9.39. 'க்ரவுட்ஸ்ட்ரைக்' என்ற அமெரிக்கப் பாதுகாப்பு மென்பொருள் கம்பெனி, ஒரு சின்ன ஃபைலை உலகம் பூராவும் அனுப்பி வைத்தது. யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. கேட்கிற வழக்கமே கிடையாது. புரோகிராமின் கையில் இருந்தவை 20 தகவல்கள். புது ஃபைலோ 21-வதை எடுத்துப் பார் என்றது. இல்லாத இடத்தில் கையை விட்டது புரோகிராம். அவ்வளவுதான், விண்டோஸ் பொத்தென்று விழுந்தது. நீலத்திரை!

78 நிமிஷத்தில் தவறு தெரிந்து ஃபைலை வாபஸ் வாங்கினார்கள். அதற்குள் 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் காலி. சென்னை விமான நிலையத்தில் பேனா எடுத்து போர்டிங் பாஸ் எழுதினார்கள். ஒரு பாளையக்காரர்தான் தூங்கினார். ஆனால், அத்தனை கொத்தளமும் அவர் பொறுப்பில் இருந்ததே!

(ஒரு கொசுறு: 2010 ஏப்ரலில் 'மெக்கஃபே' அனுப்பிய அப்டேட், விண்டோஸ் எக்ஸ்பி-யின் சொந்த ஃபைலையே வைரஸ் என்று நினைத்து முடக்கியது. அப்போது அங்கே தலைமைத் தொழில்நுட்ப அதிகாரி ஜார்ஜ் கர்ட்ஸ். 2024-ல் க்ரவுட்ஸ்ட்ரைக்கின் தலைவர்? அவரேதான்!)

'அதெல்லாம் பெரிய கம்பெனிகளின் கதை. என் வீட்டு கம்ப்யூட்டருக்கு என்னப்பா வந்தது?' என்கிறீர்களா? அங்கேதான் வருகிறேன்.

2003 ஜூலையில் விண்டோஸின் ஓர் ஓட்டையை அடைக்க மைக்ரோசாஃப்ட் மருந்து கொடுத்தது. முக்கால்வாசிப் பேர் கண்டுகொள்ளவே இல்லை. ஆகஸ்ட்டில் அதே ஓட்டை வழியாக 'பிளாஸ்டர்' என்ற வைரஸ் புகுந்து லட்சக்கணக்கான கம்ப்யூட்டர்களைப் படுக்க வைத்தது. 'இவங்களைக் கேட்டுக்கிட்டிருந்தா வேலைக்காகாது, நாமே ஊற்றிவிடுவோம்' என்கிற எண்ணம் அங்கே வலுத்தது. நியாயம்தான். 2015-ல் விண்டோஸ் 10 வந்தபோது, வீட்டுப் பதிப்பு வைத்திருந்தவர்களுக்கு 'வேண்டாம்' என்று சொல்ல பட்டனே இல்லை. 2019-ல்தான், போனால் போகிறதென்று, 35 நாள் வரை தள்ளிப்போட விட்டார்கள்.

2012-ன் மின்வெட்டை மதுரைக்காரர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அப்டேட் ஓடும்போது 'கம்ப்யூட்டரை அணைக்காதீர்கள்' என்று திரை கெஞ்சும். நாம் அணைக்க மாட்டோம். மின்வாரியம் அணைத்துவிடும்!

2018 அக்டோபர் அப்டேட் இன்னும் மோசம். சிலருடைய கம்ப்யூட்டரில் டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரில் இருந்ததையெல்லாம் துடைத்துப் போட்டுவிட்டது. சோதித்துப் பார்த்தவர்களில் சிலர் பல மாதம் முன்பே புகார் எழுதியிருந்தார்கள். யாரும் கவனிக்கவில்லை. தானாகப் பரவுவதற்கு முன் நிறுத்தியதால் தப்பித்தோம். ஆசையாகத் தேடிப்போய் பட்டனைத் தட்டியவர்களுக்குத்தான் அந்தக் கதி.

இதுவரை சொன்னது கைப்பிசகு. வேண்டுமென்றே விஷம் கலந்தால்? 2017 ஜூன் 27 அன்று அதுவும் நடந்தது. உக்ரைனில் வரிக்கணக்கு போடும் 'மீடாக்' என்ற மென்பொருளின் அப்டேட் வழியாகவே 'நாட்பெட்யா'வை உள்ளே அனுப்பினார்கள். அது கப்பல் கம்பெனி மேர்ஸ்க்கைத் தாக்கியது. அந்தக் கம்பெனியின் முனையம் இருந்ததால், மும்பை ஜவஹர்லால் நேரு துறைமுகத்திலும் கண்டெய்னர்கள் தேங்கி நின்றன. உக்ரைன் வரிக் கணக்குக்கும் மும்பைக்கும் என்ன சம்பந்தம் சொல்லுங்கள்! மருந்து வருகிற அதே வாசல். காவலாளி சலாம் போட்டுத் திறந்துவிடுகிற வாசல்.

அதற்காக அப்டேட்டே வேண்டாம் என்று உட்கார்ந்தால் பிளாஸ்டர் கதைதான். விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவச மருந்தும் 2025 அக்டோபர் 14-ஓடு நின்றுவிட்டது. வாங்கித்தான் ஆக வேண்டும் என்று இத்தனை வருஷம் திணித்தவர்கள், கடையைச் சாத்திய தேதியையும் அவர்களேதான் முடிவு செய்தார்கள்.

உங்களால் ஆகக்கூடியது ஒன்று உண்டு. மைக்ரோசாஃப்ட்டின் மாதாந்திர அப்டேட், மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை வரும். அமெரிக்காவின் மேற்குக்கரையில் காலை பத்து மணி என்றால், நமக்கு ராத்திரி பத்தரை அல்லது பதினொன்றரை. டவுன்ஹால் ரோட்டில் டி.டி.பி. கடை வைத்திருப்பவரானாலும் சரி, மகள் கல்யாண போட்டோக்களை கம்ப்யூட்டரில் மட்டும் வைத்திருப்பவரானாலும் சரி, அன்று சாயங்காலமே எல்லாவற்றையும் ஒரு தனி ஹார்டு டிஸ்க்கில் காப்பி பண்ணி, வயரைப் பிடுங்கி, பீரோவில் வைத்துப் பூட்டிவிடுங்கள். அந்தச் சாவியாவது உங்களிடம் இருக்கும்.