எந்த நாட்டுத் தமிழ்?

தெல்தோட்டைக்கு அப்பால் உள்ள லூல்கந்துர தோட்டத்தில், ஏழாம் நம்பர் மலையின் 19 ஏக்கரில், ஜேம்ஸ் டெய்லர் 1867 ஆம் ஆண்டு தேயிலை பயிரிட்டபோது அது ஒரு பரீட்சார்த்த முயற்சியாகவே இருந்தது. கோப்பி கோலோச்சிய காலம் அது. பங்களாவின் விறாந்தையே தொழிற்சாலை. கொழுந்தை மேசைமேல் இட்டுக் கையால் உருட்டி, களிமண் அடுப்பில் கரி நெருப்பில் உலர்த்தினார்கள் என்பது வரலாறு. உருட்டிய கைகள் யாருடையவை என்பதை அவ்வரலாறு அதிகம் பேசுவதில்லை. அதே ஊரில் 2016 ஆம் ஆண்டு நான் செய்து பார்த்த வேறொரு பரீட்சார்த்தத்தைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறேன். அது கைத்தொலைபேசி இயங்குதளம் ஒன்றின் முன்னோட்டப் பதிப்பு.

கைத்தொலைபேசியில் தமிழ் பட்ட பாடு பழைய வாசகர்களுக்கு நினைவிருக்கும். ஆரம்பகால அண்ட்ரொயிட் கருவிகளில் தமிழ்ச் செய்தி வெற்றுக் கட்டங்களாகத் தெரியும்; தெரிந்தாலும் கொம்பு ஒருபக்கம், எழுத்து ஒருபக்கம் நிற்கும். 2011 இல் வந்த 4.0 பதிப்புக்குப் பின்னரே இந்நிலை மாறத் தொடங்கியது. எனினும் வாசிக்கக் கிடைத்ததே தவிர, கருவி தமிழில் பேசவில்லை.

2014 ஜூன் 25 அன்று சான் பிரான்சிஸ்கோவில் நடந்த மாநாட்டில் கூகுள் நிறுவனம் 'எல்' என்ற ஒற்றை எழுத்தோடு அடுத்த பதிப்பை அறிமுகப்படுத்தி, மறுநாளே அதன் முன்னோட்டத்தைத் தரவிறக்கத்துக்கு விட்டது. வெளியீட்டுக்கு முன்பே யாரும் நிறுவிப் பார்க்கும்படி ஓர் அண்ட்ரொயிட் பதிப்பு கிடைத்தது அதுவே முதன்முறை. நெக்ஸஸ் 5, 2013 ஆம் ஆண்டின் நெக்ஸஸ் 7 ஆகிய இரண்டில் மட்டுமே அது இயங்கும். நிறுவினால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும். அந்த ஆண்டு நவம்பரில் 'லொலிபொப்' என்ற பெயருடன் முழுப் பதிப்பு வந்தபோது 15 புதிய மொழிகள் அதில் இருந்தன. தமிழும் சிங்களமும் ஒரே நாளில், ஒரே பட்டியலில் இடம்பெற்றிருந்தன. 1956 இல் சிங்களத்துக்குக் கிடைத்த ஆசனத்துக்குச் சட்டப்புத்தகத்தில் வந்து சேரத் தமிழுக்கு 1987 வரை, பதின்மூன்றாவது திருத்தம் வரை, காத்திருக்க வேண்டியிருந்ததை எண்ணிப் பார்த்தேன்.

ஆனால் ஒரு விடயம் அப்போது என் கண்ணில் படவில்லை. மொழிகளுக்கு இயங்குதளத்தின் உள்ளே நாட்டுக் குறியீடு ஒன்றும் உண்டு. சிங்களத்துக்கு இலங்கையின் குறியீடு. தமிழுக்கு இந்தியாவின் குறியீடு. திரையில் வெறுமனே 'தமிழ்' என்றே தெரியும். நாணயக் குறியீடு, நேரம் எழுதும் முறை முதலியவற்றை அந்த மறைந்திருக்கும் குறியீடே தீர்மானிக்கும். இதில் சதி ஏதும் இல்லை. இருந்தது ஒரே தமிழ் மொழிபெயர்ப்பு, அதற்கு வைக்க ஒரே ஒரு குறியீடு, பெரும்பான்மையோர் வாழும் நாட்டை வைத்தார்கள். எண்ணிக்கைதான் அளவுகோல் என்றால் அது சரியே.

2016 மார்ச் 9 அன்று, வழமையான மே மாத மாநாட்டுக்குக் காத்திராமல், 'என்' பதிப்பின் முன்னோட்டம் வந்தது. வளைகுடாவிலிருந்து திரும்பிய மருமகன் தந்த நெக்ஸஸ் 5எக்ஸில் அதை நிறுவிக்கொண்டு, தெல்தோட்டையில் ஒரு தோட்டத்து லயத்தில் வாழும் தூரத்து உறவான அத்தையைப் பார்க்கச் சென்றேன். அப்பதிப்பில் மொழி அமைப்பு அடியோடு மாறியிருந்தது. ஒரே மொழியைத் தெரிவதற்குப் பதிலாக, விரும்பும் மொழிகளை முதலாவது, இரண்டாவது, மூன்றாவது என்று வரிசைப்படுத்தலாம். முதலாவது மொழி ஒரு செயலியில் இல்லையெனில் இரண்டாவதில் காட்டும். மும்மொழி நாட்டில் வாழ்பவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்!

அமைப்பைத் திறந்ததும் முதல் வரியில் இருந்தது: தமிழ் (இந்தியா). முன்பிருந்தே தமிழில் பயன்படுத்திய கருவி. மறைந்திருந்த குறியீடு இப்போது வெளியே வந்து நின்றது. அதை நீக்குவதற்காகப் புதிதாகத் தமிழைத் தெரிந்தபோது கருவி ஒரு கேள்வி கேட்டது. இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா: எந்த நாடு?

அருகிலிருந்த அத்தை எட்டிப் பார்த்து, எழுத்துக்கூட்டி வாசித்தார்.

"என்னா தம்பி, இதுலயும் எந்த நாடுன்னு கேக்குறானா?"

அவருக்கு அந்தக் கேள்வி புதிதல்ல. 1948 இன் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பான்மையோரை நாடற்றவராக்கியது. 1964 ஒக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரை எண்ணிப் பங்கிட்டது: 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 150,000 பேரை 1974 இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. அத்தையின் அண்ணன் ஒரு படிவத்தில் கையொப்பமிட்டார்; அத்தையின் கணவர் இன்னொரு படிவத்தில். அண்ணன் குடும்பம் தலைமன்னாரில் கப்பலேறி மண்டபம் முகாம் வழியாக நீலகிரிக்குச் சென்றது. அங்கும் தேயிலைதான். அத்தையின் வீட்டார் விண்ணப்பம் பல ஆண்டுகள் கிடப்பில் கிடந்தது. அந்த நிலுவையெல்லாம் 2003 ஆம் ஆண்டின் சட்டத்தோடுதான் தீர்ந்தது.

"இலங்கையைப் போடு" என்றார்.

போட்டேன். இரண்டாவதாகச் சிங்களத்தைச் சேர்த்தேன். அதற்கு எந்த நாடு என்ற கேள்வியே எழவில்லை. மூன்றாவதாக ஆங்கிலம், அதற்கோ நீண்டதொரு நாட்டுப் பட்டியல் வந்தது.

உண்மையைச் சொன்னால், இலங்கையைத் தெரிந்ததால் தமிழ் மாறிவிடவில்லை. நாம் 'தரவிறக்கம்' என்போம். கருவி 'பதிவிறக்கம்' என்றே தொடர்ந்து சொன்னது. சொற்களெல்லாம் அந்த ஒரே மொழிபெயர்ப்பிலிருந்து வருபவை. மாறியவை நாணயமும் நேரமும் போன்ற சில்லறை விடயங்களே. அத்தையிடம் இதை விளக்க நான் முயலவில்லை. அவர் கேட்டது வேறு: "அண்ணன் வீட்டு போன்ல என்னா போட்டிருக்கும்?"

இந்தியா என்று இருக்கும் என்றேன். தலையாட்டிவிட்டுத் தேநீர் ஊற்ற எழுந்துபோனார்.

அவ்வாண்டு ஓகஸ்ட் 22 அன்று 'நௌகட்' என்ற பெயரில் முழுப் பதிப்பு வெளிவந்தது. புதுப்பித்த பின்னர் முதல் வேலையாக மொழி அமைப்பைத் திறந்து பார்த்தேன். தமிழ் (இலங்கை) என்றே இருந்தது.