தராசு காட்டாத குறை: புனே கிராமங்களின் குழந்தைகள்

குழந்தைகளின் ஊட்டக்குறைவை எடையால் அறியும் முறை உலகெங்கும் பரவியதில் மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் பெரும் பங்குண்டு. 1950களின் பிற்பகுதியில் நைஜீரியாவின் இமேசி கிராமத்தில் பணியாற்றிய மருத்துவர் டேவிட் மோர்லி, குழந்தைகளைத் தவறாமல் நிறுத்து, எடையை ஓர் அட்டையில் கோடாக வரைந்து, அவ்வட்டையைத் தாயிடமே ஒப்படைத்தார். கோடு ஏறாமல் நின்றால் நோயோ பசியோ நெருங்குகிறது என்று பொருள். இந்தியாவில் 1975இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்திலும், அங்கன்வாடியின் தராசும் வளர்ச்சி அட்டையும் முதன்மைக் கருவிகளாயின.

எடை மட்டும் போதுமா என்ற கேள்வியைக் கூர்மையாக்கியது புனேயில் நடந்த ஓர் ஆய்வு. கே.இ.எம். மருத்துவமனையின் சித்தரஞ்சன் யாஜ்னிக் குழுவினர், இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் ஆய்வாளர்களுடன் இணைந்து, 1993இல் புனேக்கு அருகிலுள்ள ஆறு கிராமங்களில் அதனைத் தொடங்கினர். குழந்தை பிறக்கும்வரை அவர்கள் காத்திருக்கவில்லை. பெண்கள் கருவுறுவதற்கு முன்பே அவர்களை அளந்தனர். வயல்வேலை செய்துவந்த அத்தாய்மாரின் சராசரி எடை ஏறத்தாழ 42 கிலோ.

2003இல் வெளியான முடிவுகளின்படி, அக்குழந்தைகளின் சராசரிப் பிறப்பெடை 2.7 கிலோ, சவுத்தாம்ப்டன் குழந்தைகளுடையது 3.5 கிலோ. இதுவரை தராசு சொல்லிவிடும். தோல்மடிப்பின் தடிமனை அளந்தபோதுதான் வேறொன்று புலப்பட்டது. தசையும் வயிற்றுச் சுற்றளவும் வெகுவாகக் குறைந்திருந்தன. தோள்பட்டைக்குக் கீழே முதுகிலுள்ள கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. மெலிந்த உடலுக்குள் கொழுப்பு காக்கப்பட்டிருந்தது. பிற்காலத்தில் நீரிழிவுக்கு இடந்தரும் உடலமைப்பு கருவிலேயே உருவாகிறது என்னும் கருத்துக்கு இது வலுச்சேர்த்தது.

குறை எங்கிருந்து வந்தது? கருவுற்ற காலத்தில் கீரை, பால், பழம் ஆகியவற்றை அடிக்கடி உண்ட தாய்மாரின் குழந்தைகள் பெரியனவாகப் பிறந்ததை 2001இல் வெளியான கட்டுரை காட்டியது. தாய்மாரில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினருக்கு வைட்டமின் பி12 குறைவாக இருந்ததை 2008ஆம் ஆண்டுக் கட்டுரை பதிவுசெய்தது. பி12 குறைந்தும் ஃபோலேட் மிகுந்தும் இருந்த தாய்மாரின் பிள்ளைகளிடம், ஆறு வயதில் இன்சுலின் எதிர்ப்பு மிக அதிகமாகக் காணப்பட்டது.

கடும்பசியில் வாடும் குழந்தையை உடனே கண்டறியத் தராசு இன்றும் இன்றியமையாதது. ஆனால் கணக்கெடுப்பு எதை அளக்கிறதோ அதையே நிவாரணமும் நிரப்ப முயல்கிறது. எடை ஒன்றையே எண்ணும் திட்டம் எடையைக் கூட்டி நிறைவடையும். தசையின் குறையும் தாயின் தட்டில் இல்லாத கீரையும் பாலும் அதன் கணக்கில் வாரா. புனே ஆய்வு கருவுறுதலுக்கு முன்பே அளவெடுப்பைத் தொடங்கியதன் பொருள் இதுவே.