பெயரும் பிறந்த நாளும்: அமெரிக்கப் படைப்பணிப் பதிவேடுகளின் திருத்த வரலாறு

ஒருவர் படையில் சேர்ந்த நாள் முதல் விடுவிக்கப்படும் நாள் வரை அவரைப் பற்றி அரசு எழுதிவைக்கும் ஆவணங்களின் தொகுப்பே படைப்பணிப் பதிவேடு எனப்படுகிறது. பெயர், பிறந்த நாள், பிறந்த ஊர், குடும்பத்தார், பணியாற்றிய பிரிவு, பட்ட காயம், பெற்ற விருது ஆகியவை அதில் இடம்பெறுகின்றன. ஓய்வூதியமும் மருத்துவ உதவியும் படைவீரர் கல்லறையில் இடமும் வீரர் இறந்தபின் மனைவிக்குச் சேரவேண்டிய தொகையும் இப்பதிவேட்டைக் கொண்டே முடிவு செய்யப்படுவதால், அதில் ஓர் எழுத்தோ ஓர் எண்ணோ பிறழ்ந்தாலும் அந்தக் குடும்பத்தின் வாழ்வாதாரமே கேள்விக்குள்ளாகிறது. ஆயினும் எழுதும் அதிகாரம் என்றும் அரசிடமே இருந்தது. எழுதப்பட்டது தவறு என்று நிரூபிக்கும் சுமை மட்டும் வீரரின் தோளில் ஏற்றப்பட்டது. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் அச்சுமை எவ்வாறு சிறிது சிறிதாகக் குறைந்தது என்பது, குடிமக்களுக்கும் அவர்களைப் பற்றிய அரசு ஏடுகளுக்கும் உள்ள உறவின் வரலாறாகவே அமைகிறது.

இவ்வரலாற்றின் தொடக்கம் 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரில் இருக்கிறது. அக்காலத்தில் படையில் சேர வந்தவர்களிடம் பிறப்புச் சான்றிதழ் போன்ற ஆவணம் பெரும்பாலும் இருக்கவில்லை. அவர்கள் வாயால் சொன்னதைக் காதால் கேட்ட எழுத்தர், தமக்குத் தோன்றிய எழுத்துக்கூட்டலில் மஸ்டர் ரோல் என்னும் படைப்பிரிவுப் பெயர்ப் பட்டியலில் எழுதிக்கொண்டார். ஜெர்மனியிலிருந்தும் அயர்லாந்திலிருந்தும் குடியேறியவர்களின் பெயர்கள் இவ்வாறு பலவாறாகத் திரிந்தன. பெற்றோருக்குத் தெரியாமல் வந்த சிறுவர்கள் வேறு பெயரைச் சொல்லி வயதைக் கூட்டினர். 45 வயதைக் கடந்தவர்களோ வயதைக் குறைத்துச் சொல்லிச் சேர்ந்தனர்.

இப்போரில் வட மாநிலங்களின் படையில் பணியாற்றிய ஏறத்தாழ 1,79,000 கறுப்பின வீரர்களின் நிலை இன்னும் கடினமானது. அவர்களில் அடிமைகளாக இருந்த பலர் தம்மை உடைமையாக வைத்திருந்தவரின் குடும்பப் பெயரிலேயே பதிவு செய்யப்பட்டு, விடுதலைக்குப் பின் தம் தந்தையின் பெயரையோ தாமே தேர்ந்த பெயரையோ ஏற்றனர். பின்னாளில் ஓய்வூதியம் கோரியபோது, பட்டியலில் உள்ளவரும் விண்ணப்பித்தவரும் ஒருவரே என்பதை உடன் பணியாற்றியவர்களின் பிரமாண வாக்குமூலங்களைக் கொண்டு அவர்கள் மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. ஐயம் எழுந்த இடங்களில் ஓய்வூதியத் துறையின் சிறப்பு விசாரணை அலுவலர்கள் நேரில் சென்று சாட்சிகளை விசாரித்தனர். அவ்வாறு திரண்ட வாக்குமூலங்கள், பிறிதெங்கும் எழுதப்படாத அடிமைக் குடும்பங்களின் வரலாற்றுக்கு இன்று முதன்மைச் சான்றுகளாக விளங்குகின்றன.

அடையாளப் பிழைகளின் பரப்பை உணர்ந்த அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ், 1890 ஏப்ரல் 14 அன்று ஒரு சட்டத்தை இயற்றியது. இளம்வயது காரணமாகவோ வேறு காரணத்தாலோ மாற்றுப் பெயரில் பணியாற்றியவர்கள் தக்க சான்று காட்டினால், அவர்களுடைய உண்மைப் பெயரில் விடுவிப்புச் சான்றிதழ் வழங்க அச்சட்டம் வழிசெய்தது. விடுவிப்புச் சான்றிதழ் என்பது, ஒருவர் பணியை முடித்து முறைப்படி விலகினார் என்று படைத்துறை தரும் சான்று. பொய்ப்பெயரில் சேர்ந்தது குற்றம் என்று தள்ளிவிடாமல், ஆற்றிய பணியே மெய்யானது என்று ஏற்றுக்கொண்டதில் இச்சட்டத்தின் பெருமை அடங்கியிருக்கிறது.

அதே காலத்தில், மருத்துவராக இருந்து படை அதிகாரியான ஃபிரெட் எய்ன்ஸ்வொர்த், நைந்துபோன பட்டியல்களில் ஒவ்வொரு வீரரைப் பற்றியும் இருந்த குறிப்புகளைத் தனித்தனி அட்டைகளில் படியெடுக்கும் முறையை 1886 முதல் நடைமுறைப்படுத்தினார். ஓய்வூதியக் கேள்விகளுக்கு விரைந்து விடை கிடைத்ததோடு மூல ஏடுகளும் பாதுகாக்கப்பட்டன. இப்பணி நடந்த இடங்களுள் ஒன்று, முன்பு அதிபர் லிங்கன் சுடப்பட்ட ஃபோர்ட் அரங்கக் கட்டடம். 1893 ஜூன் 9 அன்று அதன் தளங்கள் இடிந்து விழுந்ததில் 22 எழுத்தர்கள் உயிரிழந்தனர். வீரர்களின் நினைவைக் காக்கும் பணியில் மடிந்த அவர்களும் இவ்வரலாற்றில் நினைக்கப்பட வேண்டியவர்கள்.

பெயர் தவிர்த்த பிற பதிவுகளைத் திருத்த நெடுங்காலம் காங்கிரஸே கதியாக இருந்தது. ஒரே ஒருவரின் குறையைத் தீர்ப்பதற்காகத் தனிச் சட்டம் இயற்றும் முறை அது. ஃபிராங்க்ளின் தாம்சன் என்னும் ஆண் பெயரில் மிச்சிகன் 2ஆம் படைப்பிரிவில் பணியாற்றிய சாரா எட்மண்ட்ஸ், 1863இல் நோயுற்று அகன்றபோது, ஓடிப்போனவர் என்று பதிவு செய்யப்பட்டார். அவருக்கு மாதம் 12 டாலர் ஓய்வூதியம் 1884இல் ஒரு சட்டத்தால் வழங்கப்பட்டது; ஓடிப்போனவர் என்ற பழி 1886இல் மற்றொரு சட்டத்தால் நீக்கப்பட்டது. காங்கிரஸ் உறுப்பினர் ஒருவரின் ஆதரவைப் பெற முடிந்தவருக்கே இவ்வழி திறந்தது. அவ்வாய்ப்பு இல்லாத எளியவரின் பிழை பிழையாகவே நின்றது.

பிறந்த நாளின் முக்கியத்துவம் 1907ஆம் ஆண்டு ஓய்வூதியச் சட்டத்தால் பெருகியது. 62 வயதானவருக்கு மாதம் 12 டாலர், 70இல் 15 டாலர், 75இல் 20 டாலர் என்று வயதை ஒட்டியே ஓய்வூதியம் வகுக்கப்பட்டதால், பதிவேட்டில் வயது தவறாக எழுதப்பட்டவர்கள் உரிய தொகையைப் பெற இடர்ப்பட்டனர். பிறந்த நாட்களைக் குறித்துவைத்த குடும்ப விவிலியத்தின் பக்கங்களைக் கிழித்து விண்ணப்பத்துடன் அனுப்பியவர்களும் உண்டு. அவ்வேடுகள் இன்றும் ஓய்வூதியக் கோப்புகளில் காணப்படுகின்றன.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் நிலைமை அடிப்படையிலேயே மாறியது. 1946 ஆகஸ்ட் 2 அன்று சட்டமான நாடாளுமன்றச் சீரமைப்புச் சட்டம், படைப்பணிப் பதிவைத் திருத்தத் தனியொருவருக்கான மசோதா கொண்டுவருவதைத் தடைசெய்து, அப்பொறுப்பைப் படைத்துறைச் செயலர்களிடம் ஒப்படைத்தது. அவர்கள் சீருடை அணியாத குடிமை அலுவலர்களைக் கொண்ட வாரியங்களின் வழியே பிழையைத் திருத்தவும் அநீதியை நீக்கவும் வேண்டும் என்பது அதன் ஆணை. உண்மைக்கு மாறான பதிவு பிழை. விதிப்படி சரியானதாயினும் மனச்சான்றுக்கு ஒவ்வாதது அநீதி. திருத்தத்தால் சேரவேண்டிய நிலுவைத் தொகையை வழங்கும் அதிகாரம் 1951இல் சேர்க்கப்பட்டது.

1950 முதல் வழங்கப்படும் டி.டி. 214 என்னும் படிவமே இன்று விடுவிப்பின் சுருக்கச் சான்று. அதிலுள்ள சிறு பிழைகள் டி.டி. 215 என்னும் இணைப்புத் தாளால் திருத்தப்படுகின்றன. அலுவலக அளவில் தீராதவை டி.டி. 149 படிவத்தின் வழியே வாரியத்துக்குச் செல்கின்றன. பிழை தெரியவந்த நாளிலிருந்து 3 ஆண்டுகளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதியாயினும், நீதியின் பொருட்டு வாரியம் அக்காலத் தாழ்வைப் பொறுத்துக்கொள்ளலாம். வீரர் இறந்திருப்பின் அவருடைய வாரிசுகள் விண்ணப்பிக்கலாம். இருந்தபோதிலும், அரசின் பதிவு சரியே என்ற அனுமானத்திலிருந்து விசாரணை தொடங்குவதால், மாறான சான்றைத் தேடித் தரும் பொறுப்பு இன்றும் விண்ணப்பித்தவருக்கே உரியது.

பிறந்த நாளைப் பற்றிய ஒரு பொய் எவ்வளவு காலம் ஒருவரைத் தொடரும் என்பதற்குக் கால்வின் கிரஹாம் சான்று. 1930இல் பிறந்த அவர் வயதை மறைத்து 1942இல் 12 வயதில் கடற்படையில் சேர்ந்து, சவுத் டகோட்டா போர்க்கப்பலில் பணியாற்றிப் போரில் காயமுற்றார். உண்மை வெளிப்பட்டபின் அவருடைய விருதுகளும் உரிமைகளும் பறிக்கப்பட்டன. கண்ணியமான விடுவிப்பு 1978இல் கிடைத்தது. உடற்குறை உதவிக்கு 1988இல் ஒரு சட்டமே தேவைப்பட்டது. காயமுற்றோருக்குரிய பர்ப்பிள் ஹார்ட் பதக்கம், அவர் 1992இல் இறந்தபின் 1994இல் குடும்பத்தாரைச் சேர்ந்தது. சிறுவனின் பொய்யை ஆராயாமல் ஏற்ற அரசு, அதன் விலையை அவரிடமே 50 ஆண்டுகளாக வசூலித்தது.

அரசின் பதிவே சரியானது என்ற அனுமானத்தின் வலுவின்மையை 1973 ஜூலை 12 அன்று செயின்ட் லூயிஸ் நகரை அடுத்திருந்த தேசியப் பணியாளர் பதிவு மையத்தில் மூண்ட தீ வெளிப்படுத்தியது. கோப்புகள் இருந்த தளங்களில் தீயணைப்புத் தெளிப்பான்கள் பொருத்தப்படாத அக்கட்டடத்தில் 1 கோடியே 60 லட்சம் முதல் 1 கோடியே 80 லட்சம் வரையிலான கோப்புகள் அழிந்தன. 1912 நவம்பருக்கும் 1960 ஜனவரிக்கும் இடையே விடுவிக்கப்பட்ட தரைப்படையினரின் கோப்புகளில் சுமார் 80 சதவீதமும், 1947 முதல் 1964 தொடக்கம் வரை விடுவிக்கப்பட்ட விமானப்படையினரில் அகரவரிசைப்படி ஹப்பர்டு என்னும் பெயருக்குப் பிந்தியவர்களின் கோப்புகளில் சுமார் 75 சதவீதமும் போயின. அவற்றுக்குப் படியோ நுண்படமோ எடுக்கப்பட்டிருக்கவில்லை. நனைந்தும் கருகியும் மிஞ்சிய சுமார் 65 லட்சம் கோப்புகள் மீட்கப்பட்டன. கோப்புகள் அழிந்தவர்களின் பணி வரலாறு, சம்பளச் சீட்டுகள், மருத்துவமனைக் குறிப்புகள், படைப்பிரிவின் அன்றாட அறிக்கைகள் ஆகியவற்றைக் கொண்டு மீண்டும் உருவாக்கப்படுகிறது. பல குடும்பங்களில் பெட்டியில் பத்திரமாக வைக்கப்பட்ட பழைய விடுவிப்புத் தாளே, அரசிடம் இல்லாத ஆதாரமாக உதவியது.

1890, 1946 ஆகிய ஆண்டுகளின் சட்டங்கள் திருத்தத்தைச் சலுகை என்ற நிலையிலிருந்து முறையான வழி என்ற நிலைக்கு உயர்த்தின என்பது ஐயமின்றி ஒரு முன்னேற்றம். ஆனால் அவசரத்தில் எழுதியதும் காக்கத் தவறியதும் அரசே என்னும்போது, மெய்ப்பிக்கும் சுமையை முதுமையில் தளர்ந்த வீரர் மீதும் அவருடைய மனைவி மீதும் முழுவதுமாக வைப்பது நியாயமாகாது. தன் பெயரைச் சரியாக எழுதக் கேட்பவர் அரசிடம் உதவி கேட்கவில்லை. அரசு செய்யத் தவறிய கடமையை நினைவூட்டுகிறார். அதை நிறைவேற்றத் தேவையான சான்றைத் தேடும் உழைப்பில் பாதியையாவது பதிவை எழுதிய அலுவலகமே ஏற்க வேண்டும் என்பதே இவ்வரலாறு தரும் முடிவு.