கைதிகள் எழுப்பிய கோபுரம்

சிங்கைக்கு வருகை தரும் உல்லாசப் பயணிகள் தவறாது படம்பிடித்துச் செல்லும் கட்டடங்களுள் ஒன்று, பாடாங் திடலுக்கு அருகே பசும்புல் வெளியின் நடுவே வெண்ணிறமாய் நிமிர்ந்து நிற்கும் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம். அதன் ஊசிக் கோபுரத்தை அண்ணாந்து நோக்குவோர் ஐரோப்பியக் கட்டடக் கலையை வியந்து செல்வர். வியப்பதில் தவறில்லை, வரைபடம் தந்தவர் ரொனால்ட் மக்பர்சன் என்னும் வெள்ளைக்காரப் பொறியாளரே. ஆயினும், சாரம் கட்டிச் சுவர் எழுப்பிய கைகள் இந்தியக் கைதிகளுடையவை.

1824ஆம் ஆண்டு ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் செய்துகொண்ட உடன்படிக்கையால் சுமத்திராவின் பென்கூலன் டச்சுக்காரர் வசமாயிற்று. அங்கே நாடு கடத்தப்பட்டிருந்த இந்தியக் கைதிகள் 1825இல் சிங்கைக்கு மாற்றப்பெற்றனர். முதலில் வந்திறங்கிய 80 பேரும் சென்னை மாகாணத்தில் தண்டனை பெற்றோர். வங்காளத்தார் அவர்களைத் தொடர்ந்து வந்தனர். சதுப்பு நிலத்தை மேடாக்குதலும் சாலை போடுதலும் அவர்தம் தொடக்க காலப் பணிகள். நாளடைவில் கொத்தரும் தச்சரும் கொல்லரும் அவர்களிடையே உருவாயினர். கைதிகளைக் கண்காணிக்கும் பொறுப்பும் நன்னடத்தையுள்ள கைதிகளிடமே ஒப்படைக்கப்பட்டது. சிறை வரலாற்றில் இஃது ஒரு விந்தையே.

இடி தாக்கிப் பழுதுற்ற பழைய தேவாலயம் இடிக்கப்பட்டபின், 1856இல் புதியதற்கு அடிக்கல் நாட்டப்பெற்றது. 1861இல் அங்கு முதல் வழிபாடு நிகழ்ந்தது. அதன் உட்சுவர்ப் பூச்சே நாம் நின்று நோக்கத்தக்கது. சிப்பிச் சுண்ணாம்புடன் முட்டையின் வெண்கருவையும் வெல்லத்தையும் கலந்து பசையாக அடித்து, தேங்காய் மட்டை ஊறிய நீரைச் சேர்த்துக் குழைத்துப் பூசினர். காய்ந்தபின் கல்லால் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பேற்றினர். தென்னிந்தியக் கொத்தர் வழிவழியாக அறிந்திருந்த இக்கலையை ஆங்கிலேயர் 'மெட்ராஸ் சுனாம்' என்றே அழைத்தனர். 'சுண்ணம்' அவர்தம் நாவில் அவ்வாறு திரிந்தது! மாணவரைச் சுற்றுலா அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள், கோபுரத்தைக் காட்டுவதோடு நில்லாமல் இக்கதையையும் சொல்லுதல் நன்று. இந்துக்களும் இஸ்லாமியரும் கிறித்துவருக்கெனக் கட்டிய ஆலயம் அது.

1869இல் நிறைவுற்ற இஸ்தானா மாளிகையும் கைதிகளின் உழைப்பே. விழா நாள்களில் அதன் வாயில் திறக்கும்போது திரளும் மக்களுள் எத்தனை பேர் அதனை அறிவர்?

1873இல் சிங்கையின் இந்தியக் கைதிகள் அமைப்பு கலைக்கப்பட்டது. எஞ்சியோர் அந்தமானுக்கு அனுப்பப்பட்டனர். விடுதலை பெற்றோருள் பலர் தாயகம் திரும்பாது, வண்டியோட்டியும் மாடு வளர்த்தும் இந்நகரிலேயே வாழ்ந்தனர். மக்பர்சனுக்குத் தேவாலய வளாகத்தில் ஒரு நினைவுத் தூண் உண்டு. அவர் பெயரால் ஒரு சாலையும் உண்டு. சுண்ணாம்பு குழைத்தவர்களின் பெயர்கள் அத்தூணில் இல்லை.