ஆறாப் புண்ணின் வரலாறு

ஒரு நாட்டின் வரலாறு அரசர்தம் கல்வெட்டுக்களில் மட்டுமன்றி, உழைப்பாளரின் பாதங்களிலும் பொறிக்கப்பட்டுள்ளது. கேகாலை மாவட்டத்துப் புளத்கொகுபிட்டியவில் தேயிலையும் இறப்பரும் வளர்த்த தமிழ்த் தொழிலாளர் வெறுங்காலுடன் மலைச்சரிவுகளில் நடந்தவராவர். தோட்டப் பகுதிகளின் மருத்துவத் தேவை குறித்து 1872 இலேயே சட்டம் இயற்றப்பட்டது. வெறுங்காலுடன் நடந்தோரை வருத்தியவற்றுள் சேற்றுப்புண்ணும், தோலைத் துளைத்து உட்புகும் கொழுக்கிப்புழுவும் அடங்கும். நகரத்தார் நோயெனக் கருதப்பட்ட நீரிழிவு இன்று தோட்டங்களையும் எட்டியுள்ளது. அதன் கொடிய விளைவுகளுள் ஒன்று ஆறாத பாதப்புண்ணாகும்.

புண்ணிற்குக் காரணம் கிருமியே என்னும் எண்ணம் 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வலுப்பெற்றது. ஸ்கொத்லாந்து அறுவை மருத்துவர் அலெக்சாந்தர் ஒக்ஸ்ரன் 1880 ஆம் ஆண்டையொட்டிச் சீழில் ஸ்ரபிலோகொக்கசு பற்றீரியாவைக் கண்டறிந்தார். 1928 இல் பெனிசிலின் கண்டுபிடிக்கப்பட்டபின், கிருமியைக் கொன்றால் புண் ஆறும் என்ற நம்பிக்கை பிறந்தது. நீரிழிவாளரின் நாட்பட்ட புண் இந்நம்பிக்கையைப் பொய்ப்பித்தது. அப்புண்ணில் வாழ்வது ஒரு கிருமியன்று. ஸ்ரபிலோகொக்கசுடன் சூடோமோனசு, ஈ. கோலை முதலியனவும், ஆழ்ந்த புண்களில் காற்றின்றி வாழும் பற்றீரியாக்களும் சேர்ந்து குடியேறுகின்றன. பற்றீரியாக்கள் பரப்புக்களில் ஒட்டித் தம்மைச் சுற்றிப் பசைப்படலம் அமைத்து வாழ்வதை 1978 இல் கொஸ்ரேற்றனும் அவர்தம் குழுவினரும் விளக்கினர். அப்படலத்துள் மருந்தின் ஆற்றல் குன்றும். குருதியோட்டம் குறைந்த பாதத்தை மருந்து சென்றடைவதும் அரிது.

ஆயின் புண் தோன்றுவது எங்ஙனம்? இவ்வினாவிற்கான விடை தொழுநோய் மருத்துவத்தினின்றும் கிடைத்தது என்பது வியப்பிற்குரியது. இலங்கையின் அறுவை மருத்துவப் பேராசிரியர் மில்றோய் போல் 1930 களில், உணர்விழந்த பாதப்புண்ணிற்குப் பாதத்தோடு பொருந்தும் சாந்துக்கட்டுப் போட்டு, நோயாளர் நடமாடியவாறே புண் ஆற வழிகண்டார். 1946 இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்த போல் பிராண்ட், தொழுநோயாளரின் பாதம் சிதைவது பெரும்பாலும் நோயின் நேரடி விளைவன்று, வலியுணர்வின்மையால் நேரும் காயங்களின் விளைவே என நிறுவினார். 1966 இல் அமெரிக்கா சென்ற அவர் இவ்வுண்மையை நீரிழிவாளருக்கும் பொருத்திக் காட்டினார். வலி தெரியாத பாதத்தை அழுத்தம் முதலிற் பிளக்கிறது. கிருமி பின்னரே நுழைகிறது.

எனவே, கிருமித்தொற்றின் அறிகுறியற்ற புண்ணிற்குக் கிருமிகொல்லி மருந்து வேண்டியதில்லை. தொற்றுற்ற புண்ணிற்கோ அம்மருந்து மட்டும் போதாது. அழுகிய தசையை அகற்றுதலும், சர்க்கரையைக் கட்டுப்படுத்தலும், பாதத்தின் சுமையை நீக்குதலும் உடன் வேண்டும். இங்கேதான் மருத்துவம் பொருளாதாரத்தைச் சந்திக்கிறது. ஓய்வெடுக்கும் நாளிற் கூலியை இழப்பவளுக்கு ஓய்வு எளிதன்று. சாந்துக்கட்டு மழைக்கும் சேற்றுக்கும் தாங்காது. நடந்தவாறே குணமாகும் வழியை இத்தீவிலே ஒரு மருத்துவர் கண்டு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டாகிறது. ஈரச்சரிவில் கொழுந்து பறிப்பவளுக்கு அவ்வழி இன்னும் கடினமானதே. அவளுக்கு வேண்டுவன பொருத்தமான பாதணியும், நாள்தோறும் பாதத்தை நோக்கும் பழக்கமும், புண்பட்ட நாட்களில் இழக்கப்படாத கூலியுமாகும். இவற்றுள் இறுதியானதை எம்மருந்தகமும் வழங்க இயலாது. அதனைச் சமுதாயமே வழங்குதல் வேண்டும்.